கேளுங்க டீச்சர்: பென்சிலுக்கு முன்னாடி பட்டாணி

ஜூன் மாசம் பிறந்தா எனக்கு வர்ற கடுதாசி எல்லாம் ஒரே ராகம்தான். மார்ச்ல "எந்த ஸ்கூல்ல சேக்கலாம்"னு கேட்ட அதே அம்மாக்கள் இப்ப "எழுதவே மாட்டேங்கறான் டீச்சர்"னு எழுதறாங்க. இந்தத் தடவை வந்ததுல பாதிக்கு மேல ப்ரீகேஜி, எல்கேஜி பிள்ளைங்க எழுதற கதைதான், அதனால டிபன் பாக்ஸ் மிச்சம் வர்ற பிரச்சனை, கிளாஸ்ல கடிக்கற பிரச்சனை எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: டீச்சர், என் பையனுக்கு 3 வயசு 2 மாசம். எல்கேஜி சேர்த்து மூணு வாரம் ஆகுது. டெய்லி ஹோம்வொர்க். மொதல்ல ஸ்டாண்டிங் லைன் ஒரு பக்கம், அப்புறம் ஸ்லீப்பிங் லைன், இப்ப ஸ்லான்டிங் லைன் வந்திருக்கு, அடுத்த வாரம் ஏ ஆரம்பிக்கறாங்களாம். நோட்டப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கறான். ரைட்டிங் சரியில்ல, வீட்ல பிராக்டிஸ் குடுங்கன்னு மிஸ் டைரியில எழுதி அனுப்பிட்டாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு அதே கிளாஸ், ஏ டு எஃப் எழுதறா. எங்க வீட்டுக்காரர் நான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்னு சொல்றார். (ஒரு அம்மா, திருப்பூர்)

பதில்: மொதல்ல பக்கத்து வீட்டுப் பொண்ணு எந்த மாசம் பொறந்ததுன்னு விசாரிங்கம்மா. நம்ம ஊர்ல ஜூலை 31க்குள்ள 3 வயசு முடிஞ்சா எல்கேஜி, அதுதான் வழக்கமான கணக்கு. ஆகஸ்ட்ல பொறந்ததும் அதுக்கு அடுத்த ஜூலையில பொறந்ததும் ஒரே பெஞ்சுல உக்காரும், நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷம். உங்களுக்கும் எனக்கும் ஒரு வருஷம் பெருசில்ல, ஆனா உங்க பையன் பூமிக்கு வந்தே 38 மாசம்தான் ஆச்சு.

கோடு போடறதுல பிள்ளைங்களுக்குன்னு ஒரு வரிசை இருக்கு, அது ஸ்கூல் சிலபஸ் போட்ட வரிசை கிடையாது. நீங்க போட்டுக் காட்டினா பாத்துப் போடற நின்ன கோடு 2 வயசு வாக்குல வரும், படுத்த கோடு ரெண்டரை வாக்குல, வட்டம் 3ல, கூட்டல் குறி 4 கிட்ட, சதுரம் நாலரை. சாய்ஞ்ச கோடு இதுக்கெல்லாம் பின்னாடிதான், ரெண்டு சாய்ஞ்ச கோடு குறுக்க வெட்டற பெருக்கல் குறி 5 கிட்டதான் ஒழுங்கா வரும், முக்கோணம் அதையும் தாண்டி. ஒரு பிள்ளைக்கு ஒரு பிள்ளை நாலஞ்சு மாசம் முன்னப்பின்ன ஆகும், ஆனா வரிசை பெரும்பாலும் மாறாது. இப்ப இங்கிலீஷ் ஏ-ங்கற எழுத்தப் பாருங்க, ரெண்டு பக்கமும் சாய்ஞ்ச கோடு, நடுவுல படுத்த கோடு, பாதி முக்கோணம் அது. 3 வயசுப் பையன்கிட்ட 5 வயசு வேலையக் கேட்டா அவன் கட்டிலுக்கு அடியில போகாம வேற எங்க போவான்! இங்கிலீஷ்ல கே, எம், என், வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் எல்லாம் சாய்ஞ்ச கோட்டு ஜாதி. எல், ஐ, டி, எச், ஓ எல்லாம் சுலபம். அதனாலதான் வெவரம் தெரிஞ்ச ஸ்கூல்ல ஏ-ல ஆரம்பிக்காம எல்-ல ஆரம்பிக்கறாங்க, உங்க மிஸ்கிட்டயும் கேட்டுப் பாருங்க, சண்டை போடாம கேளுங்க. பாவம் அவங்களுக்கு மேல ஒரு கரெஸ்பாண்டன்ட் உக்காந்து எத்தனை பக்கம் முடிஞ்சதுன்னு எண்ணிக்கிட்டு இருப்பார்.

நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, 22 வருஷம் எல்கேஜி எடுத்தவ, அதுல மொத பத்து வருஷம் நானும் இதத்தான் செஞ்சேன். பிள்ளை கையப் பிடிச்சு, என் கைய அது மேல வச்சு அழுத்தி, நாலு கோடு நோட்டுல பக்கம் பக்கமா ஏ. ஒரு குட்டிப் பையன் நோட்ட தண்ணித் தொட்டியில போட்டுட்டு வந்து "மிஸ் நோட்டு குளிக்குது"ன்னு சொன்னான். அன்னைக்கு அவன வெளிய நிக்க வச்சேன், இப்ப நினைச்சா எனக்கே கஷ்டமா இருக்கு.

எழுதற கை விரல்ல ஆரம்பிக்கறதில்ல, தோள்பட்டையில ஆரம்பிக்குது. தோளு நிலையா நின்னாதான் முழங்கை நிக்கும், அது நின்னா மணிக்கட்டு, கடைசியிலதான் விரல் தனியா அசையக் கத்துக்கும். வாட்ஸப்ல ஒரு எக்ஸ்ரே படம் சுத்துது பாத்திருப்பீங்க, சின்னப் பிள்ளை கையில எலும்பே இல்லாத மாதிரி, அதனால 7 வயசு வரைக்கும் பென்சிலே தொடக்கூடாதுன்னு. படம் பொய்யில்ல. மணிக்கட்டுல இருக்கற 8 எலும்பும் பொறக்கும்போது குருத்தெலும்பாதான் இருக்கும், ஒண்ணொண்ணா வருஷக்கணக்குல கெட்டியாகும், கடைசி எலும்பு கெட்டியாக 9, 10 வயசுகூட ஆகும், பட்டாணி மாதிரி இருக்குன்னு அதுக்குப் பேரே லத்தீன்ல அப்படித்தான் வச்சிருக்காங்க. ஆனா அதுக்காக பென்சிலே தொடக்கூடாதுங்கறது அளவு மீறின பேச்சு. கிறுக்கட்டும், நல்லா கிறுக்கட்டும், கோட்டுக்குள்ள எழுதச் சொல்லி உக்கார வைக்காதீங்க, அவ்வளவுதான்.

பட்டாணின்னு சொன்னதும் ஞாபகம் வருது, பச்சைப் பட்டாணி சீசன்ல கால் கிலோ வாங்கி பையன் முன்னாடி கொட்டுங்க. தோலோட முதுகப் பிரிச்சு கட்டை விரலால ஒவ்வொண்ணா தள்றது இருக்கே, அதுக்கு ஈடா ஒரு ஆக்டிவிட்டி புக்கும் கிடையாது. அவரைக்காய் நார் உரிக்கறது, சப்பாத்தி மாவுல பாம்பு உருட்டறது, கொடியில துணி கிளிப் மாட்டறது, செடிக்கு ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிக்கறது, பல்லாங்குழியில சோழி அள்ளிப் போடறது எல்லாம் எழுத்துப் பயிற்சிதான், நோட்டு மட்டும்தான் இல்ல. வேர்க்கடலை, பட்டாணி, சோழி எதையும் இந்த வயசுல பிள்ளைகிட்ட தனியா விட்டுட்டுப் போகாதீங்க, வாயில போட்டு தொண்டையில சிக்கிக்கும், பக்கத்துலயே உக்காருங்க. சாயங்காலம் பார்க்ல கம்பியப் பிடிச்சுத் தொங்கவிடுங்க. கட்டிலுக்கு அடியில தவழ்ந்து போறதுகூட தோளுக்கு நல்லதுதான், அந்த வகையில பையன் ஹோம்வொர்க் செஞ்சுட்டான்.

ஸ்கூல் ஹோம்வொர்க்குக்கு ஒரு வழி சொல்றேன். "அவன் ஒரு வரி போடுவான், மீதி வெள்ளையா வரும், பரவாயில்லையா மிஸ்"னு டைரியில எழுதி அனுப்புங்க. 2018 மே மாசம் சென்னை ஐகோர்ட், சிபிஎஸ்இ ஸ்கூல்ல ஒண்ணாம் ரெண்டாம் கிளாசுக்கே ஹோம்வொர்க் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிச்சு, எல்கேஜி அதுக்கும் ரெண்டு வருஷம் கீழ. அப்புறம் உங்க வீட்டுக்காரர், அவர இடது கையால ஒரு பக்கம் ஏ எழுதச் சொல்லுங்க, நாலு கோட்டுக்குள்ள, ரப்பர் இல்லாம. எழுதி முடிச்சதும் செல்லம் பத்திப் பேசட்டும்.

கேள்வி: போன விஜயதசமிக்கு கூத்தனூர் சரஸ்வதி கோயில்ல வச்சு பொண்ணுக்கு எழுத்தறிவிச்சோம். நெல்லுல அ அவ்வளவு அழகா எழுதினா. இப்ப நோட்டுல எழுதச் சொன்னா ஏதோ முட்டை மாதிரி போடறா. மறந்து போச்சா? இன்னும் 3 முடியல. (மயிலாடுதுறை)

பதில்: நெல்லுல எழுதினது உங்க பொண்ணு இல்லம்மா, அவ விரலப் பிடிச்சிருந்த பெரியவர். அது ஆசீர்வாதம், அதுக்கு மறுநாளே சிலபஸ் ஆரம்பிக்கணும்னு எந்த சாமியும் கேக்கல. முட்டை போடறான்னா சந்தோஷப்படுங்க, மூடின வட்டம் 3 வயசு வேலை, கொஞ்சம் முன்கூட்டியே வந்திருக்கு.

அ-ங்கறது மொத எழுத்துதான், ஆனா சுலபமான எழுத்து இல்ல. ஒரு சுழி, ஒரு வளைவு, அப்புறம் படுத்த கோடு, நின்ன கோடு, நாலும் ஒரே மூச்சுல. அதனால சொல்றதுக்கு அ ஆ இ ஈ வச்சுக்குங்க, எழுத ட ப ம வச்சுக்குங்க. ட எப்படி, மேலருந்து கீழ ஒரு கோடு, அப்படியே வலது பக்கம் ஒரு கோடு. அத மேல ஏத்தினா ப. ப-வோட கடைசியில உள்பக்கமா வளைச்சா ம. ஒண்ணு மேல ஒண்ணு படி மாதிரி ஏறுது பாருங்க, மூணு எழுத்து தெரிஞ்சதும் ம மேல ஒரு புள்ளி வச்சு படம்னு ஒரு வார்த்தை எழுதிடலாம், நடுவுல இன்னொரு ட போட்டு அதுக்கும் ஒரு புள்ளி வச்சா பட்டம், மட்டம். நம்ம எழுத்துல இன்னொரு சௌகரியம், இங்கிலீஷ் பெரிய எழுத்து மாதிரி சாய்ஞ்ச கோடு அதிகம் கிடையாது, எல்லாம் நின்னது, படுத்தது, வளைஞ்சது. வளைவும் சுழியும் பழக்கறதுக்கு சிக்குக் கோலம் இருக்கு. வாசல்ல நாலு புள்ளி வச்சு அதைச் சுத்தி விரலால வளைக்கச் சொல்லுங்க.

நெல்லுல எழுதற அந்த முறையை மட்டும் விட்டுடாதீங்க, வருஷத்துக்கு ஒருநாள் சடங்கா முடிச்சுடறோம், அதுதான் எனக்கு வருத்தம். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணல்லதான் எழுதிப் பழகினாங்க. ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 1789ல எழும்பூர்ல ஆண் பிள்ளைங்க அனாதை இல்லத்துக்குப் பொறுப்பா இருந்தவர், நம்ம பிள்ளைங்க மணல்ல விரலால எழுதறதப் பாத்துட்டு அதையே தன் ஸ்கூல்ல வச்சார். அது கூட பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கற முறையையும் சேர்த்து 1797ல லண்டன்ல புத்தகமா போட்டு, அது மெட்ராஸ் சிஸ்டம்னு பேர் வாங்கிச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ங்கற ஊர்ல மெட்ராஸ் காலேஜ்னு ஒரு ஸ்கூல் இன்னைக்கும் இருக்கு. நாம இங்க நாலு கோடு நோட்டுக்கு பிரவுன் அட்டை போட்டுக்கிட்டு இருக்கோம். ஒரு தாம்பாளத்துல ரவையோ மணலோ பரப்பிக் குடுங்க, தப்பா எழுதினா தட்ட ஒரு ஆட்டு ஆட்டினா போச்சு, ரப்பர் வேண்டாம், அழுகை வேண்டாம்.

கேள்வி: நான் பாட்டி எழுதறேன். பேத்திக்கு நாலு வயசு. எல்லாத்துக்கும் பீச்சாங்கைதான். நான் மாத்தி விட்டா மருமக கோச்சுக்கறா, ஸ்கூல்ல அப்படியே விடச் சொல்லிட்டாங்களாம். நாளைக்கு கல்யாணம் காட்சின்னு போனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க. நீங்களே சொல்லுங்க. (நாகர்கோவில்)

பதில்: வணக்கம்மா. நீங்க என்னைத் திட்டினாலும் பரவாயில்ல, இந்த விஷயத்துல மருமக பக்கம்தான் நான். பத்துப் பேர்ல ஒருத்தர் இடது கைக்காரர், இது பழக்கம் இல்ல, மூளை அப்படி அமைஞ்சிருக்கு. 3, 4 வயசுல எந்தக் கைன்னு ஓரளவு தெரிய ஆரம்பிக்கும், 5, 6ல உறுதியாகும். அதத் திருப்பி விட்டா ஒரு கை நல்லா வளர்றதுக்குப் பதிலா ரெண்டு கையும் அரைகுறையா நிக்கும், பிள்ளைக்கு எழுதறதுன்னாலே வெறுப்பு வரும்.

சாப்பாட்டு விஷயம் தனி. இலையில வலது கையால சாப்பிடறது உங்க வீட்டு வழக்கம்னா பொறுமையா பழக்குங்க, நம்ம ஊர்ல நிறைய இடது கைக்காரங்க சாப்பிடறது வலது, எழுதறது இடதுன்னு நிம்மதியாதான் இருக்காங்க. அடிச்சுப் பழக்காதீங்க. பென்சில் பக்கம் மட்டும் போகவே போகாதீங்க. சச்சின் பேட் பிடிச்சது வலது கை, கையெழுத்துப் போடறது இடது கை, யாராவது ஏதாவது சொன்னாங்களா.

மருமகட்ட இதச் சொல்லுங்க: நோட்டோட தலை லேசா வலது பக்கம் சாயற மாதிரி வைக்கணும், பென்சில கூர்ல இருந்து ஒரு இஞ்சுக்கு மேல பிடிக்கணும், அப்பதான் தான் எழுதறது தனக்கே தெரியும், கையும் எழுத்து மேல தேய்ச்சுக் கறுப்பாக்காது. ஸ்கூல்ல பெஞ்சோட இடது ஓரத்துல உக்கார வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா பக்கத்துப் பிள்ளை முழங்கை இடிச்சுக்கிட்டே இருக்கும். கத்தரிக்கோல் இடது கைக்குன்னே தனியா விக்குது, சாதாரண கத்தரியில அவளுக்கு பேப்பர் மடங்கும், வெட்டாது, அது அவ தப்பில்ல. படுத்த கோட்ட வலது பக்கத்துல இருந்து இழுப்பா, வட்டத்த மாத்திச் சுத்துவா, கண்டுக்காதீங்க. அப்புறம் நீங்க பூ கட்டுவீங்கன்னா அவளுக்கும் கட்டச் சொல்லிக் குடுங்க, ஆனா எதிர்ல உக்காந்து சொல்லிக் குடுங்கம்மா, கண்ணாடி பாக்கற மாதிரி அவளுக்கு அதுதான் சரியா வரும்.

கேள்வி: ஐடியில வேலை, நானும் வைஃபும் ஒர்க் ஃப்ரம் ஹோம். நாலு வயசுப் பொண்ணு டேப்ல டிரேசிங் ஆப்ல இருபத்தாறு எழுத்தும் எழுதி ஸ்டார் வாங்கறா, பேப்பர்ல ஒரு எழுத்து வரல. பேப்பர் தேவையா இனிமே? எல்லாரும் டைப்தானே பண்ணப்போறோம். (சென்னை, ஓஎம்ஆர்)

பதில்: தம்பி, ஸ்டார் வாங்கினது ஆப், பொண்ணு விரலால கண்ணாடிய வருடினா, அவ்வளவுதான். கண்ணாடியில உராய்வு இல்ல, அழுத்தம் வேண்டாம், ஒரு விரல் போதும், கொஞ்சம் விலகினாலும் ஆப் மன்னிச்சுடும். பேப்பர் மன்னிக்காது. அதுல கை தானே முடிவெடுக்கணும், எங்க ஆரம்பிக்கறது, எங்க திரும்பறது, எங்க நிறுத்தறதுன்னு.

ரெண்டாவது கேள்விக்கு ஒரு ஆராய்ச்சி சொல்றேன். 2012ல அமெரிக்காவுல இண்டியானா பல்கலைக்கழகத்துல, இன்னும் படிக்கத் தெரியாத 5 வயசுப் பிள்ளைங்களுக்கு சில எழுத்த தானா எழுதவும், சில எழுத்த புள்ளிக்கோடு மேல எழுதவும், சில எழுத்த டைப் பண்ணவும் குடுத்தாங்க. அப்புறம் அதே எழுத்தக் காட்டி மூளைய ஸ்கேன் எடுத்தா, தானா எழுதின எழுத்துக்குத்தான் மூளையில படிக்கறதுக்கு வேலை செய்யற பகுதிங்க முழிச்சது, டைப் பண்ணினதுக்கும் புள்ளிக்கோட்டுக்கும் அப்படி இல்ல. ரொம்பச் சின்ன ஆராய்ச்சிதான், அத வச்சு கோட்டை கட்டவேண்டாம், ஆனா அவங்க சொன்ன காரணம் எனக்குப் பிடிச்சது. பிள்ளை தானா எழுதினா ஒவ்வொரு ம-வும் ஒவ்வொரு மாதிரி கோணலா வரும், ஒண்ணு குண்டா, ஒண்ணு காலு நீண்டு. அத்தனை கோணலையும் பாத்துதான் மூளை "ஓ இதெல்லாமே ம தானா"ன்னு புரிஞ்சுக்குது. அப்ப அந்தக் கோணல் எழுத்த நாம ரப்பர் வச்சு அழிக்கறோமே, அதத்தான் யோசிங்க. டிரேசிங் புக்குக்கும் இதே கதைதான், வாங்கினத தூக்கிப்போட வேண்டாம், புதுசா வாங்காதீங்க.

பேப்பருக்கு எப்படிக் கொண்டு வர்றதுன்னா, எழுதறதுக்கு அவளுக்கு ஒரு காரணம் வேணும். மளிகை லிஸ்ட் நீங்க எழுதும்போது அவகிட்டயும் ஒரு துண்டு பேப்பர் குடுங்க, அவ கிறுக்கற கிறுக்கலப் படிக்கச் சொல்லுங்க, "இது சாக்லேட், இது பெரிய சாக்லேட்"ம்பா. உங்க மீட்டிங் நேரத்துல கதவுல ஒட்ட ஒரு போர்டு அவளே எழுதட்டும். அப்புறம் சொந்தப் பேரு, எந்தப் பிள்ளையும் மொதல்ல ஆசைப்படற வார்த்தை அதுதான். அதுல ஒரு சங்கடம், இப்ப பேர் வைக்கறவங்க ஹ, ஷ, ஸ்ரீ இல்லாம வைக்கறதே இல்ல, எங்க காலத்து மாலா, பாமா எல்லாம் அரை மணி நேரத்துல பேர் எழுதிட்டுப் போயிடும், இப்ப ஹர்ஷிதான்னு எழுதறதுக்குள்ள பிள்ளை யூகேஜி போயிடுது. வீட்ல கூப்பிடற செல்லப் பேர்ல ஆரம்பிங்க.

கேள்வி: பென்சில முஷ்டி மாதிரி பிடிக்கறான், மூணரை வயசு. ஆன்லைன்ல ரப்பர் கிரிப் விக்குதே வாங்கலாமா? (சேலம்)

பதில்: வேண்டாம். பென்சிலயும் கொஞ்ச நாள் ஒளிச்சு வைங்க, உடைஞ்ச க்ரேயான் குடுங்க, கட்டை விரல் நகம் அளவுக்கு துண்டு துண்டா. அவ்வளவு சின்னதா இருந்தா முஷ்டியில பிடிக்கவே முடியாது, சிட்டிகை போட்டுத்தான் பிடிக்கணும், யாரும் சொல்லிக் குடுக்காமலே வந்துடும். கோலப்பொடி எடுக்கற அதே பிடிதான் பென்சில் பிடி. கூடவே பேப்பர சுவத்துல ஒட்டுங்க, இல்ல ஒரு பக்கச் சுவத்துக்கு கரும்பலகை பெயிண்ட் அடிச்சுடுங்க, நின்னுக்கிட்டு மேல எழுதும்போது மணிக்கட்டு தானா பின்னாடி வளைஞ்சு விரலுக்குப் பலம் குடுக்கும். மூணு விரல் பிடி நாலு வாக்குல வரும், விரல் மட்டும் தனியா அசையறதுக்கு 5, 6 கூட ஆகும். நாலு விரலால பிடிச்சாலும் தப்பில்ல, கை வலிக்காம, எழுத்து புரியற மாதிரி வந்தா போதும். நானே நாலு விரல்தான்.

கேள்வி: சிலேட்டு வாங்கிக் குடுத்தோம், எழுதறத விட பல்பத்த தின்னறதுதான் அதிகம். சுண்ணாம்புச் சுவரையும் நக்கறா. நாலு வயசு. (விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம்)

பதில்: பல்பம் தின்னாத பிள்ளை உண்டான்னு சிரிச்சுட்டு விடறது வழக்கம், நீங்க விடாதீங்க. எப்பவாவது ஒரு கடி கடிச்சா சரி, தேடித் தேடி தின்னா, சுவரையும் நக்கினா, உடம்புல இரும்புச் சத்து கம்மியா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பூச்சி மாத்திரை எப்ப குடுத்தோம்னும் சொல்லுங்க. கடையில நீங்களா இரும்பு டானிக் வாங்கி ஊத்தாதீங்க, அளவு மீறினா பிள்ளைங்களுக்கு ஆபத்து, பெரியவங்க சாப்பிடற இரும்பு மாத்திரையையும் எட்டாத இடத்துல வைங்க. அதுவரைக்கும் சிலேட்டுல தண்ணி தொட்டு விரலால எழுதட்டும். காயறதுக்குள்ள எழுதி முடிக்கணும்னு ஒரு விளையாட்டு, பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: யூகேஜி பையன், 5 வயசு. ட-வ திருப்பிப் போடறான், பி-க்கு டி எழுதறான், 3 கண்ணாடியில பாக்கற மாதிரி வருது. டிஸ்லெக்சியாவா இருக்குமோன்னு பயம். (கோவை)

பதில்: 5 வயசுல அந்த முடிவுக்குப் போகவே கூடாது. பொறந்ததுல இருந்து அவன் கத்துக்கிட்டது என்ன, கப்போட பிடி இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் அது கப்புதான், நாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் நாய்தான். திடீர்னு எழுத்து வந்து "நான் திரும்பினா வேற ஆளு"ன்னு சொன்னா அவனுக்குப் புரிய நேரம் ஆகும். 7 வயசு வரைக்கும் அப்பப்ப திருப்பிப் போடறது சகஜம். நோட்டோட இடது ஓரத்துல ஒரு பச்சைக் கோடு போட்டு "இங்கிருந்து கிளம்பணும்"னு சொல்லுங்க, பாதி சரியாகும்.

நான் கவலைப்படறது வேற விஷயத்துக்கு. 5 வயசுலயும் ஸ்பூன் பிடிக்க, பட்டன் போட, செருப்பு மாட்ட எதுவுமே வரல, ஒரு கையத் தொங்கப் போட்டே வச்சிருக்கு, முன்னாடி செஞ்சத இப்ப செய்ய மாட்டேங்குது, புத்தகத்த மூக்குகிட்ட வச்சுப் பாக்குது, இப்படி ஏதாவது இருந்தா தள்ளிப்போடாம குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, கண்ணும் டெஸ்ட் பண்ணிடுங்க. ஓக்குபேஷனல் தெரபிக்கு தனியார்ல நிறைய செலவாகும், ஆனா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில டிஇஐசின்னு ஒரு மையம் இருக்கு, வளர்ச்சியில பின்தங்கற பிள்ளைங்கள அங்க இலவசமாவே பாப்பாங்க. பல பேருக்கு இது தெரியறதில்ல.

கேள்வி: நான் அங்கன்வாடி பணியாளர். 23 பிள்ளைங்க, ஒரு ரூம், ஒரு ஹெல்பர். "பக்கத்து நர்சரியில ஏ பி சி டி எழுதறாங்க, நீங்க விளையாட விட்டே அனுப்பறீங்க"ன்னு பெத்தவங்க சொல்லிட்டு ரெண்டு பிள்ளைய நிறுத்திட்டாங்க. நானும் எழுத வைக்க ஆரம்பிச்சுடட்டுமா? (தர்மபுரி மாவட்டம்)

பதில்: உங்க கடுதாசியத்தான் நான் ரெண்டு நாள் கையில வச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க செய்யறதுதான் சரி, ஆனா சரியா செய்யறவங்க கையில காட்டறதுக்கு ஒரு பேப்பர் இல்ல, அந்த நர்சரிக்காரங்க கையில நோட்டு இருக்கு. பெத்தவங்களுக்கும் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது வேணும், அது நியாயம்தான். அதனால ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழைய காலண்டர் தாள்ல, மாசம் ஒரு தடவை ஒரு மனுஷன வரையச் சொல்லி தேதி போட்டு வைங்க. ஜூன்ல தலையில இருந்தே ரெண்டு காலு முளைச்சிருக்கும், டிசம்பர்ல வயிறு வந்திருக்கும், மார்ச்ல விரல், கம்மல், சட்டை பட்டன் எல்லாம் வந்துடும். அத வரிசையா கயித்துல மாட்டி அம்மாக்களக் கூப்பிட்டுக் காட்டுங்க, அ ஆ இ விட சத்தமா பேசும் அது.

எழுத்துக்குன்னு ஒரு பொருள் வேணும்னா, ஹார்டுவேர் கடையில உப்புத்தாள் வாங்கி ட, ப, ம வெட்டி அட்டையில ஒட்டுங்க. பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவி என்ன எழுத்துன்னு சொல்லணும். இது மாண்டிசோரி அம்மா செஞ்ச வேலை, அவங்க 1939ல நம்ம அடையாறுக்கு பயிற்சி குடுக்க வந்து, உலகப் போர் வந்ததால இத்தாலிக்காரங்கன்னு ஊர் திரும்ப முடியாம 1946 வரைக்கும் இந்தியாவுலயே இருந்தாங்க. இன்னைக்கு அந்தப் பேர போர்டுல போட்டு லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கற ஸ்கூல் இருக்கு, சாமான் என்னவோ உப்புத்தாள்தான். கடைசியா, வெயில் நேரத்துல 23 பேருக்கும் ஆளுக்கொரு பழைய பெயிண்ட் பிரஷும் தேங்காய்ச் சிரட்டையில தண்ணியும் குடுத்து வெளிச் சுவத்துக்கு பெயிண்ட் அடிக்க விடுங்க, மேலருந்து கீழ, இடதுலருந்து வலது. தோள்ல இருந்து விரல் வரைக்கும் அத்தனையும் வேலை செய்யும், அரை மணி நேரம் சத்தமே இருக்காது, நீங்களும் ஹெல்பரும் உக்காந்து ரெஜிஸ்டர் எழுதிடலாம். நின்ன ரெண்டு பிள்ளை திரும்பி வந்துச்சான்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.